படிவத்தில் இல்லாத அழைப்பு

பதினொன்றே காலுக்கு எங்கள் அலுவலகத்தில் தேநீர் வரும். அன்று வந்த தேநீரை மேலே ஆடை படியும்வரை நான் தொடவில்லை. நேரத்தை உங்கள் விசாரணைக் குறிப்பில் நீங்கள் அப்படியே குறித்துக்கொள்ளலாம்.

பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு நான் எழுத்தர். குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டும். சேர விரும்புகிறவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். எங்கள் விடுதியில் இருப்பது வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகள். ஓடிப்போய்த் திரும்பியவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள், அடி வாங்கியே வளர்ந்தவர்கள். அப்போது நாற்பத்து மூன்று பேர். அவர்கள் பக்கத்தில் யாரை விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். "சல்லடை சலிச்சுட்டாருன்னா நாம கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று கூட்டத்தில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

படிவம் எளிது. போலீஸ் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதம், வேலை விவரம். நான் அதற்கு மேல் ஒன்று செய்வேன். விண்ணப்பித்தவர் பெயர் தராத ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு போன் போடுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பெயர் தரப்பட்டவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். தரப்படாதவர்கள்தான் யோசித்துப் பேசுவார்கள்.

ஏழாவது இடம் ஐந்து மாதமாகக் காலி. மாத முடிவுக்குள் நிரப்பாவிட்டால் பள்ளியின் உரிமம் புதுப்பிக்கப்படாது. மூன்று பேர் வந்து, பிள்ளைகளைப் பார்த்து, நழுவிவிட்டார்கள். அப்போதுதான் அவர் வந்தார். முப்பது வருடம், நான்கு விடுதிப் பள்ளிகளில் முதல்வர். அதிர்ந்து பேசமாட்டார். நாற்காலியை இழுக்கமாட்டார், தூக்கி வைத்து உட்காருவார். விண்ணப்பத்தோடு பிரிவுபசாரப் படங்களை இணைத்திருந்தார். கேடயம், பூங்கொத்து, வரிசையாகப் பிள்ளைகள். பள்ளிகள் நான்கு, படங்கள் மூன்று.

அதனால்தான் நான்காவது பள்ளியைத் தேடினேன். அது இப்போது கிடங்காகிவிட்டது. அங்கே நர்ஸாக இருந்த ஓர் அம்மாவின் எண் இரண்டு நாளில் கிடைத்தது. பதினொன்று பத்துக்குப் பேசினேன். விண்ணப்பித்தவரின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயையும் மூடினார்.

"உங்க பள்ளிக்கூடத்துல வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வச்ச ரூம் ஏதாவது இருக்கா தம்பி?"

சாமான் அறை ஒன்று இருப்பதாகச் சொன்னேன்.

"அதக் கழட்டிடச் சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. தேநீர் வந்தது.

இதை நான் எங்கே எழுதுவது? அந்த அழைப்புக்குப் படிவத்தில் இடம் கிடையாது. அவர் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார், ஒரு மராமத்து வேலை சொன்னார். அதை வைத்து ஒரு மனிதரின் முப்பது வருடத்தில் கரி பூச முடியாது. உறுப்பினர் இல்லையென்றால் பள்ளி மூடப்படும். நாற்பத்து மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லாமல் போகும். பிள்ளைகளை நினைத்துத்தான் முடிவெடுத்தேன். களைப்பாகவும் இருந்தது. மூன்று மணிக்குத் தலைவர் எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டார். எதிராக யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாழ்ப்பாளைப் பற்றித் தச்சரிடம் சொல்ல நினைத்தேன். அந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது வேறு வேலை இருந்தது.

பிள்ளைகளின் ஒழுங்கு புது உறுப்பினரின் பொறுப்பாயிற்று. மூன்றாவது மாதம் சாமான் அறையைக் காலி செய்யச் சொன்னார். அலமாரிகள் போய், ஒரு பாயும் ஸ்டூலும் வந்தன. அதற்கு அமைதி அறை என்று பெயர் வைத்தார். கோபம் வரும் பிள்ளை அரை மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வரலாம் என்று விளக்கினார். ஏழு கைகளும் உயர்ந்தன. கூட்டக் குறிப்பில் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தட்டை எறிந்தாள் என்று புது உறுப்பினர் அவளை அந்த அறைக்குள் விட்டார். ஐந்து மணிக்கு அவர் வெளியூர் கிளம்பிவிட்டார். விடுதிக் காப்பாளரிடம் சொன்னேன் என்கிறார். காப்பாளர் இல்லை என்கிறார். சனி ஞாயிறில் பாதிப் பிள்ளைகள் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் சித்தி வீட்டில் இருப்பாள் என்று விடுதியில் நினைத்தார்கள். விடுதியில் இருப்பாள் என்று சித்தி நினைத்தாள். திங்கள் காலை சமையல்காரர் கதவைத் திறந்தார். அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. கதவின் உள்பக்கத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நான் அவளை உள்ளே விடவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை. அவளிடம் இரண்டு முறைக்கு மேல் பேசியதுகூட இல்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கோப்பு முழுமையாக இருக்கட்டும். என் தங்கை மகளும் எங்கள் விடுதியில்தான் இருந்தாள். இறந்தவளுக்கு அடுத்த கட்டில். தங்கைக்குச் சலவை நிலையத்தில் இரவு ஷிப்ட், அதனால் சேர்த்திருந்தோம். அந்த நர்ஸிடம் பேசிய அன்று சாயங்காலமே நான் தங்கை வீட்டுக்குப் போனேன். விடுதிச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் பகலில் மட்டும் வந்து போகட்டும் என்றேன். தங்கை அந்த வேலையை விட வேண்டியதாயிற்று. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. விடுதியில் நாற்பத்து இரண்டு பேர் ஆனார்கள். இந்த இரண்டு விஷயத்தையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. சாப்பாடு உண்மையிலேயே சுமார்தான்.

நேற்று தங்கை வந்தாள். இறந்தவளின் சித்தியைப் பார்த்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னாள். நாற்காலியை எடுத்து அவள் பக்கம் வைத்தேன். உட்காரவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. நின்றபடியே கேட்டாள்.

"அவ சித்திகிட்டயும் சாப்பாடு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா?"