ஒரு தேயிலைத் தூளில் ஒரு நூலகம்

ஸவாஹிரா: அழுறியா, சிரிக்கிறியா? செல்லேன் பாக்கியம்! பண்டாரவளையில துணிக்கடையப் பூட்டிட்டு வந்து, ரெண்டு மணித்தியாலமா இந்தக் கட்டுரைப் போட்டி மண்டப வாசல்ல நிக்கிறேன்.

பாக்கியலெட்சுமி: இரு... மூச்சு வாங்குது. மூணு நடுவர். மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி. “இந்தக் கட்டுரைய யாரு எழுதிக் குடுத்தா?”

ஸவாஹிரா: அடப் பாவிகளா...

பாக்கியலெட்சுமி: “தோட்டத்து ஸ்டோர்ல தேயிலை சலிக்கிற பொம்பள, அணுவுல புத்தகத்தை எழுதி வைக்கலாம்னு எப்படி எழுதுவா?”ன்னாரு நடுவர்ல பெரியவரு.

ஸவாஹிரா: நீ?

பாக்கியலெட்சுமி: கரும்பலகைக்குப் போயி சோக்கட்டிய எடுத்தேன்.

ஸவாஹிரா: ஹா!

பாக்கியலெட்சுமி: கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணும் சைபரும். அணு இருந்தா ஒண்ணு, இல்லாட்டி சைபர். அப்படி எட்டு எடம் சேர்ந்தா ஒரு எழுத்துன்னேன். “சூட்டுல அணு நடுங்குமே, எடம் மாறிப் போகுமே”ன்னு மடக்குனாரு.

ஸவாஹிரா: யா அல்லாஹ்...

பாக்கியலெட்சுமி: நூறு அணுவக் கட்டியாக்கி ஒரே புள்ளியா வச்சிக்கலாம், ஒண்ணு ரெண்டு நழுவினாலும் புள்ளி நிக்கும்னேன். கணக்கும் போட்டேன். அப்பவும் ஒரு தேயிலைத் தூளுக்குள்ள பதுளை லைப்ரரியே அடங்கிருது. எடம் மிச்சம்!

ஸவாஹிரா: “அணுவ யாரு பார்த்தா”ன்னு கேக்கல்லியா?

பாக்கியலெட்சுமி: கேட்டாரே! அணுவ ஒவ்வொண்ணாக் காட்டுற மைக்ராஸ்கோப்புக்குப் போன வருஷம், எம்பத்தாறுல, நோபல் பரிசே குடுத்தாச்சு, ஐயா பேப்பர் பாக்குறதில்லியான்னேன்.

ஸவாஹிரா: அடியே! அது நான் கொணாந்து குடுத்த பேப்பர்!

பாக்கியலெட்சுமி: பார்த்தாச்சு, புடிச்சு நகர்த்துறதுதான் பாக்கி, அதுவும் வரும்னேன். மனுஷன் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாரு! ஊவா மாகாணத்துக்கே மொதப் பரிசு, ஸவாஹிரா! அடுத்த மாசம் கொழும்பு!

ஸவாஹிரா: அல்ஹம்துலில்லாஹ்! நீ ஜெயிப்பேன்னு நான் செல்லல்லியா?

பாக்கியலெட்சுமி: ஆனா ஒண்ணு. தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கரையா படிச்சுச் சிரிச்ச அன்னைக்கே, அந்தக் கட்டுரைய நாலாக் கிழிச்சு அடுப்படியில எறிஞ்சேன். என் பேருக்குக் கூப்பிட்டுக் கடுதாசி வேற வருது, அது எப்படிப் போட்டிக்கு வந்துச்சு?

ஸவாஹிரா: கொழும்புக்கு பஸ்ஸா, ரயிலா?

பாக்கியலெட்சுமி: ஒன்னத்தான் கேக்குறேன்.

ஸவாஹிரா: அன்னைக்கு ஒங்க லயத்து வீட்டுக்கு வந்தேன்ல... பொறுக்கிட்டுப் போனேன். பார்த்து எழுதி, ஒன் பேர்ல தபால்ல போட்டேன். கோவமா?

பாக்கியலெட்சுமி: கோவமா! அவங்களுக்குச் சந்தேகம் வந்ததே ஒன் கையெழுத்தாலதான்டீ. கட்டுரையில ஒரு எழுத்து, இங்க வந்து நான் போட்ட கையெழுத்து வேறன்னு நீட்டினாங்க. பார்த்ததும் ஒன் எழுத்துன்னு தெரிஞ்சிருச்சு, காட்டிக் குடுக்கல. கணக்கெல்லாம் போட்டு முடிச்சப்பறம்தான் சொன்னேன், “எழுதுனது நானு, காப்பாத்துனது என் கூட்டாளி”ன்னு. வா உள்ள... கொழும்புக்குப் போற ஃபாரத்துல ரெண்டு பேரு பேரும் எழுதணுமாம்.