நாலடி இடம்

கமீலா: ...அதெல்லாம் எனக்குத் தெரியா தம்பி. பிளான்ல உள்ளத்தப் போடுங்க.

ஜீவராஜ்: பிளான்ல உள்ளது வெளங்குது ராத்தா. வெளங்காதது இந்த ஒரு எடம்தான். ஒங்கட நாலு கடைக்கும் முன்னால நாப்பத்தெட்டடி நடைபாதை. றோட்டுப் பக்கத்து ஓரக்கட்டு நேரா வருது, வருது... ரெண்டாம் கடைக்கும் மூணாம் கடைக்கும் நடுவில மட்டும் என்னத்துக்கு உள்ளுக்கு ஓடுது?

கமீலா: ஓடட்டுமே.

ஜீவராஜ்: நாலடி அகலம், மூணடி உள்ளுக்கு. மேசை லாச்சிய இழுத்துட்டு மூட மறந்த மாதிரி இருக்கு. பிளான் கீறினவருக்கு நித்திரை வந்திருக்கும் எண்டு நினைச்சன்.

கமீலா: கீறினது என்ட மகள் றஸ்னா. நித்திரையெல்லாம் வரல்ல. நான் பக்கத்தில நிண்டு சொல்லிச் சொல்லிக் கீறுவிச்ச.

ஜீவராஜ்: அப்ப நான் ஒண்டும் கதைக்கல்ல.

கமீலா: கதைங்க, கதைங்க. கதைக்காட்டி நீங்க ஜீவராஜ் கொந்தராத்துக்காரர் இல்லியே.

ஜீவராஜ்: பகிடி இருக்கட்டும் ராத்தா. இப்ப ஏழரை. எட்டரைக்கு மிக்சர் மெசின் வருது, ஆக்களும் வருவாங்க. ஒன்பதுக்கு முதல் கொங்கிறீட் விழணும். வெயில் ஏறினா மேல்பக்கம் சுறுக்காக் காஞ்சு கோடு கோடா வெடிக்கும். பலகைய நேரா அடிக்கிறதா, மடிச்சு அடிக்கிறதா? அத மட்டும் முடிவாச் சொல்லுங்க.

கமீலா: மடிச்சு.

ஜீவராஜ்: என்னத்துக்கு?

கமீலா: ...பூச்சாடி வைக்க.

ஜீவராஜ்: பூச்சாடிய மேல வைக்கலாமே. அதுக்கு ஆரும் பள்ளம் விடுவாங்களா?

கமீலா: அப்ப சைக்கிள் நிப்பாட்ட.

ஜீவராஜ்: சைக்கிள் ஆறடி நீளம். நாலடிக்குள்ள எப்பிடி நிப்பாட்டுவிங்க, முன்சில்லக் கழட்டிப்போட்டா?

கமீலா: மரம் நடப்போறன்.

ஜீவராஜ்: அடியிலயும் கொங்கிறீட் போடச் சொல்லி எழுதியிருக்கு. றோட்ட விட ரெண்டு அங்குலம் உசத்தி, மட்டமா. அந்த மரம் எதுக்குள்ளால முளைக்கும்?

கமீலா: சிரிக்காதங்க. உசத்தச் சொன்னது தண்ணி நிக்காம இரிக்க.

ஜீவராஜ்: அதுதான் எனக்கு ஆச்சரியம். தண்ணி நிக்கும், அதால ஏலா எண்டு சொல்ல வந்தன். நீங்க அதுக்கும் வழி பாத்து வெச்சிருக்கிங்க. மாரி மழைக்குத் தண்ணிக் காண் நிரம்பி வந்தாலும் அவடம் காஞ்சுதான் கிடக்கும்.

கமீலா: அப்ப போடுங்களன்.

ஜீவராஜ்: தண்ணி போனா வெடிப்பு இருக்கே. நேரா ஓடுற கொங்கிறீட்டுக்கு ஒண்டும் இல்ல, ஆறடிக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டா அதோட அடங்கும். இப்பிடி உள்மூலை வந்தா, அந்த மூலையில இருந்து கோணலா வெடிப்பு ஓடும். எத்தனை எடத்தில பாத்திருக்கன்.

கமீலா: கல்முனையில பேங்குக்கு முன்னால நீங்க போட்ட நடைபாதையில ரெண்டு உள்மூலை இரிக்கு. போய்ப் பாத்தன். ஒரு கீறலும் இல்ல.

ஜீவராஜ்: ...நீங்க அங்கயும் போய்ப் பாத்திங்களா?

கமீலா: புடவைக்கடை வெச்சிரிக்கிறவள் தம்பி நான். தறியில இரிக்கிற துணியையே புரட்டிப் பாத்துத்தான் எடுக்கிற.

ஜீவராஜ்: அது... குறுக்க கம்பி வெச்சுக் கட்டினது.

கமீலா: இஞ்சயும் வைங்க.

ஜீவராஜ்: ராத்தா, ஆறடி நடைபாதையில மூணடிய இதுக்குக் குடுத்தா, மிச்சம் மூணடிதான். பெருநாள் சனம் வந்தா எங்கால நடக்கும்?

கமீலா: போன பெருநாளைக்குச் சேத்துக்குள்ளால நடந்த சனம்தானே. மூணடியில ஒதுங்கிப் போகும். இப்ப நான் ஒண்டு கேக்கவா?

ஜீவராஜ்: கேளுங்க.

கமீலா: ஒங்கட லொறியில இரும்புக் கம்பம் கிடக்கு. அது பிளான்ல எங்க இரிக்கு?

ஜீவராஜ்: அது பிளான்ல இல்ல. நான் சும்மா போட்டுத்தாறன். மோட்டார் சைக்கிளக் கொண்டு வந்து நடைபாதையில ஏத்துறானுகள், அதுக்கு.

கமீலா: நல்லம். ஊண்டுறதுக்கு நீங்க சுண்ணாம்பால அடையாளமும் போட்டிரிக்கிங்க. எண்ணிப் பாத்தன். நாப்பத்தெட்டடிக்கும் எட்டுக் கம்பம். அதுல அஞ்சு இந்த நாலடிக்குள்ள. மோட்டார் சைக்கிளெல்லாம் இவடத்தால மட்டும்தான் ஏறுமா?

ஜீவராஜ்: ஏறாது எண்டில்ல... ஆக்கள் வந்து இருந்திருவாங்க. வெறும் எடத்தக் கண்டா சாமான பரப்பிப்போடுவாங்க. புறகு எழுப்பேலா. ஒங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன்.

கமீலா: ஆரு இருப்பாங்க?

ஜீவராஜ்: பொதுவாச் சொன்னன். மீன்காரர், கீரைக்காரர்...

கமீலா: மீன்காரரெல்லாம் சந்தைக்குள்ள. இவடத்த இரிக்கிறது ஒரே ஒரு கீரைக்காரி.

ஜீவராஜ்: அப்பிடியா? நான் கவனிக்கல்ல.

கமீலா: எப்பிடிக் கவனிப்பிங்க. மூணு தரம் அளக்க வந்திங்க, மூணு தரமும் பகல் லுஹர் பாங்கு சொன்னப்புறகு. அவ பத்தரைக்கே கூடையக் கவுட்டுட்டுப் போயிருவா.

ஜீவராஜ்: எனக்கு ஏலுமான நேரம் அதுதான் ராத்தா.

கமீலா: செல்லத்தங்கம் எண்டு பேர். பதினொரு வருசமா இவடத்ததான். இந்தக் கட்டடம் கட்ட முதல், இது வெறும் மணலாக் கிடந்த நேரம் தொட்டு. பாண்டிருப்பால வாறவ. ஒங்கட ஊர்தான்.

ஜீவராஜ்: பாண்டிருப்பு பெரிய ஊர்.

கமீலா: ஓம் ஓம், பெரிய ஊர்தான். நடந்தா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிரும்.

ஜீவராஜ்: சரி ராத்தா, நேராக் கேக்கிறன். அந்த மனிசிக்காகவா இந்தப் பள்ளம்?

கமீலா: பள்ளம் எண்டாதங்க. எடம் எண்டு சொல்லுங்க.

ஜீவராஜ்: எடம்தான், சரி. அவக்காகவா?

கமீலா: ஓரக்கட்டு நேரா வந்தா அவ எங்க இருப்பா? மேல இருந்தா நடக்கிற சனத்துக்கு இடைஞ்சல், நகர சபையில இருந்து வந்து எழுப்புவாங்க. கீழ இருந்தா றோட்டுல. இப்பிடி உள்ளுக்கு எடுத்தா மூணு பக்கமும் கட்டு, வான், லொறி ஒண்டும் கிட்ட வராது. அவடத்த பத்து மணி வரைக்கும் கட்டடத்துட நிழலும் இரிக்கு. ஒரு கிழமையா நிண்டு பாத்த.

ஜீவராஜ்: நீங்க நல்ல மனசோட செய்யிறிங்க. ஆனா ராத்தா, இது அவக்குச் செய்யிற நல்லதா? எடம் இருந்தா அவ வந்துகொண்டேதான் இருப்பா. எடம் இல்லாட்டி விட்டுட்டு வீட்ட இருப்பா. அந்த இடுப்போட நாலு மணித்தியாலம் குந்தியிருக்கிறதெண்டா...

கமீலா: எந்த இடுப்போட? இடுப்பு நோவு எண்டு நான் சொல்லல்லியே.

ஜீவராஜ்: வயசான ஆக்கள்... பொதுவா...

கமீலா: இண்டைக்கு நிறையப் பொதுவாக் கதைக்கிறிங்க தம்பி.

ஜீவராஜ்: அவ என்ட அம்மா, ராத்தா.

கமீலா: ம்.

ஜீவராஜ்: ம் எண்டா?

கமீலா: சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் நிக்கன்.

ஜீவராஜ்: எத்தனை தரம் சொல்லிட்டன், விடுங்க அம்மா, நான் பாக்கிறன் எண்டு. ஓம் மனே எண்டுவா. அடுத்த நாள் விடிய வல்லாரையையும் பொன்னாங்காணியையும் கட்டிட்டு பஸ்ஸில ஏறிருவா. ஒரு நாள் வானொண்டு பின்னுக்கு எடுக்கக்குள்ள கூடைய நெரிச்சுட்டுப் போயிருக்கு. எனக்குச் சொல்லவும் இல்ல. ஆரோ சொல்லித்தான் தெரியும். ஒரு அடி தள்ளி வந்திருந்தா?

கமீலா: அண்டைக்கு நான்தான் ஓடிப்போய்த் தூக்கின. பயம் மெய்தான். பயம் மட்டும்தானா?

ஜீவராஜ்: வேற என்ன?

கமீலா: நீங்கதான் சொல்லணும்.

ஜீவராஜ்: ...நோன்புக்கு முதல் றோட்டுக் கந்தோர் இஞ்சினியர் ஒராளோட இந்தப் பக்கம் வந்தன். காண் வேலையொண்டு எடுக்கிறதுக்கு. காலையில. அம்மா இவடத்த இருந்தா. அந்த மனிசன் அவடத்தயா போய் நிக்கணும்? குனிஞ்சு, அம்மா இது என்ன விலை எண்டு கேக்கிறார்.

கமீலா: நீங்க?

ஜீவராஜ்: அங்கால திரும்பி போனக் காதில வெச்சுக் கதைச்சன்.

கமீலா: ஆரோட?

ஜீவராஜ்: ஆரோடயும் இல்ல. போன்ல ஆரும் இல்ல. அவ என்னத் தலை தூக்கிப் பாக்கல்ல. முன்னப்பின்ன தெரியாத ஆக்களுக்குக் குடுக்கிற மாதிரி ரெண்டு கட்டுக் கட்டிக் குடுத்தா. இஞ்சினியர் என்னட்டச் சொன்னார், நல்ல மனிசி, ஒரு கட்டுக் கூடத் தந்திட்டா எண்டு. ஓம் சேர் எண்டன். என்ட வாயால ஓம் சேர் எண்டன்.

கமீலா: அதுக்குப் புறகு நீங்க அவவப் பாக்கல்லியா?

ஜீவராஜ்: வீட்ட போறது குறைவு. போனா, சாப்பிட்டியா மனே எண்டு கேக்கா. அதப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. ஏசியிருந்தாலும் பரவாயில்ல ராத்தா. நீங்க இந்த வேலைக்குக் கூப்பிட்டதும் நான் ஓடி வந்தது அதுக்குத்தான். இவடத்த நேரா ஒரு கட்டுப் போட்டு, கம்பத்தையும் ஊண்டிட்டா, அவ வீட்ட நிப்பா. எனக்கும் அப்பிடித் திரும்பி நிக்கிற வேலை இனி வராது.

கமீலா: வெக்கம்.

ஜீவராஜ்: வெக்கம்தான். அவவ நினைச்சு இல்ல. என்ன நினைச்சு.

கமீலா: கூட்டிட்டுப் போய் ஒங்களோட வெச்சிக்கலாமே?

ஜீவராஜ்: என்ட வீடு எங்க இருக்கு? அது பொண்டாட்டிட வீடு. மாமியும் அங்கதான். சம்பந்தியிட வீட்ட போய் இருந்து சாப்பிடுற ஆளா அவ? அவட வீடு தங்கச்சிக்குச் சீதனமாப் போயிற்று. தங்கச்சி நல்லாத்தான் பாக்கிறாள், குறை சொல்லேலா.

கமீலா: நானும் ஊட்ட றஸ்னாக்கு எழுதிக் குடுத்திட்டன் தம்பி. அவள் தங்கமான புள்ள. உம்மா, இது ஒங்கட ஊடு எண்டுதான் சொல்லுவாள். ஆனா ஒரு கதிரைய அங்கால நகத்திப் போடுறதெண்டாலும் நான் கேட்டுட்டுத்தான் செய்யிற. அவள் கேக்கச் சொல்லல்ல, மனசு சொல்லுது. கடைக்கு வந்து கதவத் துறந்தாத்தான், இது என்ட எண்டு கால நீட்டி இருக்கேலும். செல்லத்தங்கத்துக்கு அந்த நாலடியும் அப்பிடித்தான். அவடத்த ஆரும் அவவ, எழும்புங்க அம்மா, கூட்டப்போறன் எண்டு சொல்லமாட்டாங்க.

ஜீவராஜ்: இத அவ ஒங்கட்டச் சொன்னாவா?

கமீலா: பதினொரு வருசமாக் கதைச்சிட்டு இரிக்கம். ஒண்டு ரெண்டு சொல்லியிருப்பா.

ஜீவராஜ்: அப்ப... நான் மகன் எண்டு ஒங்களுக்கு முதலே தெரியும்.

கமீலா: தெரியும். அந்த நாலடிக்கு அளவு எடுத்ததே அவவ இருத்திவெச்சுத்தான். றஸ்னா டேப் பிடிச்சவள். கூடைக்கு இவ்வளவு, கால மாத்திப் போட இவ்வளவு எண்டு.

ஜீவராஜ்: தெரிஞ்சுகொண்டேதானா பூச்சாடி, சைக்கிள் எண்டெல்லாம் சொன்னிங்க?

கமீலா: நான் வாக்குக் குடுத்திரிக்கன். ஆருக்கு எண்டு ஒங்களுக்குச் சொல்லமாட்டன் எண்டு. சொன்னா நீங்க வேலைய விட்டுட்டுப் போயிருவிங்களாம்.

ஜீவராஜ்: அம்மாவா சொன்ன?

கமீலா: மூணு கொந்தராத்துக்காரர் வந்து பாத்திட்டுப் போனாங்க தம்பி. ஒங்கட பேர் அதுல இல்ல. கீரை வாங்கப் போன நேரம் அவதான் சொன்ன, பாண்டிருப்பில ஜீவராஜ் எண்டு ஒராள், அவன்ட கொங்கிறீட் வெடிக்காது, பேங்குக்கு முன்னால போய்ப் பாருங்க எண்டு. அவன் ஆரு எண்டு நான் கேட்ட. கொஞ்ச நேரம் கீரையையே பாத்திட்டு இருந்திட்டுத்தான், என்ட மகன் எண்டா.

ஜீவராஜ்: ...

கமீலா: இந்தாங்க, தண்ணி குடிங்க.

ஜீவராஜ்: வேணாம் ராத்தா.

கமீலா: குடிங்க.

ஜீவராஜ்: ...பலகைய மடிச்சு அடிப்பம். மூலை ரெண்டுக்கும் குறுக்க கம்பி வைக்கிறன். ஓரக்கட்டுட விளிம்ப வழுவழுப்பா மழிச்சுவிடணும், இல்லாட்டி முதுகு சாயக்குள்ள குத்தும்.

கமீலா: கம்பம்?

ஜீவராஜ்: அது லொறியிலயே கிடக்கட்டும். கொங்கிறீட் போட்டு ஏழு நாளைக்குச் சாக்கு நனைச்சுப் போடணும், ஒருத்தரும் மிதிக்கப்படாது. அதுவரைக்கும் அவ வீட்ட நிக்கட்டும். இண்டைக்குப் பின்னேரம் நான் போய்ச் சொல்லுறன். இப்ப தங்கச்சி வீட்டதானே நிப்பா?

கமீலா: இல்ல தம்பி. விடிய ஆறரைக்கே வந்திட்டா. என்ட கடைக்குள்ள, துணி மூட்டைக்குப் பின்னால இருந்து கீரை ஆயுறா. எவ்வளவு கூப்பிட்டும் வெளிய வாறாவில்ல... ஒங்கட வேலையாக்கள் வாற நேரமாம், அவவக் கண்டா, இதுதானா ஒங்கட அம்மா எண்டு ஆரும் ஒங்களக் கேட்டிருவாங்களாம்.