தட்டில் மிச்சமில்லை

நான் சுத்தம் பார்க்கிறவன். எங்கள் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து உறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரே ஆள் நான்தான். விசாரணைக் குழு இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாமாவின் மூளைக்கட்டி ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. மாமா என்றால் அக்கா புருஷன். பழைய மருந்து கட்டியின் பெரும்பகுதியைக் கொன்றிருந்தது. ஸ்டெம் செல்கள் மட்டும் பதுங்கிப் பிழைத்து, மறுபடி குடும்பம் பெருக்கிவிட்டன. அவற்றையே குறிவைப்பது எங்கள் புது மருந்து. மாமாவின் கட்டியில் ஒரு துண்டு சோதனைக்கு என்னிடம் வந்தது. மருந்துக்கு அது மசிந்தால் புதுச் சிகிச்சை; மசியாவிட்டால் மறு ஆபரேஷன்.

சாதாரணச் செல்கள் வளர்ப்புத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும், செத்தால் மிதக்கும். மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒட்டியிருப்பதை எண்ணுவது எங்கள் கைப்பழக்கம். ஸ்டெம் செல்களோ உருண்டை உருண்டையாக மிதந்துகொண்டே உயிர்வாழும். மருந்து போட்டபின் அவற்றையும் பழக்கதோஷத்தில் உறிஞ்சிவிட்டேன். எண்ணினேன். பூஜ்யம். மருந்து ஜெயித்ததாக அறிக்கை போனது.

பேராசிரியர் கேக் வெட்டினார்.

கழிவு பாட்டில் நிரம்பியிருந்ததால், உறிஞ்சியதை ஒரு குடுவையில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்திருந்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் உருண்டைகள் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் வெட்டிய கேக்கைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அறிக்கையில் என் கையெழுத்தும் காய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா கேட்டாள்.

“டேய், நிஜமா சொல்லு. பேசாம ஆபரேஷனே பண்ணிடலாமா?”

“தட்டுல ஒண்ணுகூட மிச்சமில்லக்கா.”

மாமா சிரித்தார். “மாப்ள, நீ வாங்கின முட்டையிலயே இதுதான்டா உருப்படி.”

தெரிந்துதான் சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. தட்டில் மிச்சமில்லை, குடுவையில்தான் இருந்தது.

மருந்து ஐந்து மாதம் ஓடியது. மாமா முதலில் அக்காவின் பெயரை மறந்தார். என்னை மட்டும் கடைசிவரை மாப்ள என்றே கூப்பிட்டார். எல்லாம் முடிந்தபின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னால முடிஞ்சத பண்ணிட்டடா” என்றாள். ஆமாம் என்றேன்.

குழுவிடம் ஒரே ஒரு கோரிக்கை. இன்குபேட்டரின் கீழ் அடுக்கில், இடது மூலையில் இருக்கும் குடுவையை யாரும் கொட்டிவிட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். இதுவரை ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை. நான் யாரையும் கொல்லவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மாமா அதில் நன்றாகவே இருக்கிறார். போன வாரத்துக்கு இந்த வாரம் இரண்டு மடங்கு.