சுங்காய்க்குப் போன எண்பது ஹீட்டர்கள்

சுடுதண்ணீரில் குளித்து எனக்குப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஈப்போ வெயிலுக்கு அது எதற்கு? ஆனாலும் பதினாறு வருஷமாக நான் விற்றது வாட்டர் ஹீட்டர்தான். பேராக் கிளைக்கு விற்பனை மேலாளர்.

போன வருஷம் மூன்றாம் காலாண்டில் வியாபாரம் படுத்துவிட்டது. கோலா கங்சார், சித்தியவான் எங்கு போனாலும் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். மற்ற மாநிலங்கள் ஓரளவு தாங்கின. எங்கள் வட்டாரம்தான் கம்பெனி லாபத்தைக் கீழே இழுத்தது. செப்டம்பர் கணக்கு தேறாவிட்டால் கிளையை மூடுவதாகத் தலைமையகம் சொல்லியிருந்தது. பதினோரு பேருடைய சம்பளம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழுதுபார்க்கும் ரூபன் வந்தான். புதிதாக இறங்கிய எண்பது ஹீட்டர்களில் பன்னிரண்டைத் திறந்து பார்த்தானாம். மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் பாகம் ஒன்பதில் வேலை செய்யவில்லை. திருப்பி அனுப்பினால் நஷ்டம் முழுவதும் அதே காலாண்டில் ஏறும். பெட்டிகளை மறுபடி ஒட்டச் சொன்னேன்.

கண்மூடித்தனமாக எதையும் செய்யவில்லை, சார். யோசித்தேன். ஈப்போவின் புது வீடுகளில் மின்சாரம் கசிந்தால் மெயின் சுவிட்ச் தானாக அணைந்துவிடும். உடனே புகார் வரும். சுங்காய்ப் பக்கம் பழைய தோட்டத்து வீடுகளில் அப்படி அணையும் சுவிட்ச் கிடையாது. புகார் வராது.

சுங்காயில் அர்ச்சுனன் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தான். பெட்டிக்கு விலையில் எழுபது வெள்ளி கழிவு தருகிறேன் என்றதும் அவனுக்கே சந்தேகம்.

"இவ்ளோ கழிவு எதுக்குண்ணே? சரக்குல ஏதும் கோளாறா?"

"வியாபாரம் டல்லு லா, தம்பி. தீபாவளி வருது, தள்ளிவிடு."

எண்பதையும் எடுத்துக்கொண்டான். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி போன் செய்தான். தோட்டத்து வீட்டில் வீரம்மா என்றொரு அம்மா குளிக்கும்போது இறந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் நெஞ்சுவலி என்று நினைத்தார்கள். உள்ளங்கை கருகியிருந்ததாம். மிச்சம் பதினேழை நிறுத்திவிடவா என்று கேட்டான். காலாண்டு முடிய ஒன்பது நாள் இருந்தது; நிறுத்தினால் சரக்கு திரும்பி வந்து அதே கணக்கில் நஷ்டமாக ஏறும். பழைய வயரிங் பிரச்சினையாக இருக்கும் என்று சொல்லி, கழிவை நூறு வெள்ளியாக்கினேன்.

அவன் என் வார்த்தையை நம்பினான். எந்த அளவுக்கு என்றால், கடைசியாக மிஞ்சிய ஒன்றைத் தன் வீட்டிலேயே மாட்டப்போவதாகச் சொன்னான். அவன் மனைவி குமுதாவுக்குக் காலையில் பச்சைத்தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். வேண்டாம் என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

கணக்கு தேறியது. கிளை தப்பியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

குமுதா அக்டோபர் எட்டாம் தேதி இறந்தாள். ஆம், அவளையும் அந்த அம்மாவையும் கொன்றது நான் தெரிந்தே அனுப்பிய சரக்குதான். மீதி எழுபத்தெட்டும் எங்கே என்று கேட்டீர்கள். வீடுகளில்தான் இருக்கின்றன, சார்.

சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அர்ச்சுனன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தெரியாது என்றேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிறவனை மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.