பின்னறை வாசலில் ஒரு யூனிட் ஜல்லி

ஜல்லிக் குவியலை ஒரு பார்வை பார்த்தால் போதும், அதில் எத்தனை கல் என்று சொல்லிவிடுவேன் ஐயா. முப்பத்தாறு வருட சர்வீஸில் தவறியது ஏழே கல். அதிலும் மூன்றைக் காக்கா தூக்கிப் போயிற்று.

நீங்கள் சிரிக்கவில்லை. என் மைத்துனன் சிரிப்பான். கட்டடக் கம்பெனியில் மதிப்பீடு போடுவது என் வேலை. ஒரே ஒரு தடவை ஒரு லோடு குறைந்தது. அன்றிலிருந்து கல்யாண வீடோ இழவு வீடோ, நாலு பேர் கூடிவிட்டால், "அத்தான் கணக்கா? பாதி வழியில பல்லை இளிச்சிடுமே" என்பான். அவன் மனைவியை இழந்து எங்கள் பின்னறைக்குக் குடிவந்த பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அதுதான் தொட்டுக்கொள்ள.

போன வாரம் தோட்டத்து நடைபாதைக்கு ஜல்லி பரப்ப நினைத்தேன். நூறடி நீளம், மூன்றடி அகலம், நாலு அங்குல கனம். நூறு கன அடி, அதாவது ஒரு யூனிட்.

"ரெண்டா சொல்லிடுங்க அத்தான். எப்படியும் உங்களுக்குப் பத்தாது."

பெரிய மனதோடு இரண்டாகவே சொன்னேன்.

இரண்டாவதை வீணாக்கலாமா? சுவரை ஒட்டிக் கொட்டிய ஜல்லி அரைக் கூம்பாகச் சரியும். நாலரை அடி ஏற வேண்டுமானால் ஆறரை அடி பரவும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு யூனிட், அச்சு அசலாக. பின்னறை வாசலை ஒட்டிய ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலரை அடி. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது.

என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மைத்துனன் மதியத் தூக்கத்தில் இருந்தான். லாரி டிரைவர்தான் தயங்கினார்.

"சார், கதவை அடைச்சிடுமே?"

"பழைய சாமான் போட்டு வெச்ச ரூம்ப்பா. கொட்டு."

விழித்தவன் முதலில் சிரித்தான். "விளையாட்டு போதும் அத்தான், கதவைத் திறங்க."

"ஜல்லி எதுவரைக்கும் ஏறியிருக்கு, பார்த்துச் சொல்லு மாப்ளே."

"அரை அடி கம்மி," என்றான். வாய்க்கொழுப்பு.

மறுநாள், "சரியா இருக்கு அத்தான், சத்தியமா சரியா இருக்கு" என்று அழுதான். படுத்த இடத்திலிருந்தே சொன்னான். பார்க்காமல் சொன்ன சரி எனக்கு எதற்கு? நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா. ஜன்னல் கம்பி வழியாக ஹோஸ் விட்டுத் தண்ணீர் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டுதான் கம்பிக்குள் நுழையவில்லை. பக்கத்தில் மர அறுவை மில்; கத்திக் கத்தி வீணாகத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மனைவி திரும்பி வந்து போலீஸுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

அள்ளுவதற்கு முன் டேப் வைத்துப் பாருங்கள் என்று உங்கள் ஆட்களிடம் கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? போகட்டும். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தவனிடம், இவர்தான் செய்தாரா என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? ஜல்லி ஏறிய அளவுக்குக் கதவில் கோடாகப் படிந்திருந்த தூசியை வெகுநேரம் பார்த்தான். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு அது போதும்.

"ஆமா சார். ஜன்னல் விளிம்பு வரைக்கும். எல்லாம் அவர் போட்ட கணக்குதான்."