ரிஜ்வான் கடையில் எடுத்த வி.ஆர். ஹெட்செட்

எனது பெயர் ஜெபிஷ், வயது 27, த/பெ சுந்தரராஜ். திற்பரப்பு அருவிக்குப் போகும் சாலையில், கண்ணை மூடி ஹெட்செட் மாட்டிப் படத்துக்குள்ளேயே நிற்பதுபோல் விளையாடும் வி.ஆர். விளையாட்டுக் கடை நடத்தி அங்கேயே குடியிருந்து வருகிறேன். தக்கலையில் அதே தொழில் செய்யும் ரிஜ்வானை நன்றாகத் தெரியும். அவருடைய ஹெட்செட் வேறு கம்பெனி. அதைத் தகர டப்பா என்று நான் கேலி செய்வதும், என்னுடையதை அவர் கேலி செய்வதும் வழக்கம்.

இன்று என் தங்கை பெமிலாவுக்குச் சர்ச்சில் கல்யாணம். அதற்காக வாழைக்குலை கட்ட ஏணியில் ஏறிய அப்பா போன வாரம் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்கும்போது தகப்பனார் பதில் சொல்லி, மகள் கையைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் முறை. அண்ணன் கொடுத்தாலும் போதும். ஆனால் அப்பா, "நான் உயிரோட கெடக்கும்போ எனக்க மவள வேற ஒருத்தன் கொடுக்கண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே சர்ச்சில் சுற்றிலும் படம் பிடிக்கும் கேமரா வைத்து, அப்பாவுக்கு ஹெட்செட் மாட்டி, அவர் குரலைப் போன் வழியாக மைக்கில் கேட்கச் செய்ய ஏற்பாடு செய்தேன்.

காலையில் என் ஹெட்செட்டை வார்டில் மாட்டிப் பார்த்தபோது படமே வரவில்லை. சர்ச்சில் கேமரா வைத்த ஸ்டுடியோக்காரர் ஜெனித்தைப் போனில் கேட்டதற்கு, படத்தை அனுப்பும் அவருடைய ஆப் ரிஜ்வானின் கம்பெனி ஹெட்செட்டில் மட்டும்தான் ஓடும் என்றார். அதன் பிறகு பைக்கில் தக்கலைக்குப் பறந்தேன். கடை திறந்திருந்தது, ரிஜ்வான் இல்லை. போன் செய்து கேட்டிருக்கலாம். தகர டப்பாவை இரவல் கேட்க வாய் வரவில்லை. அவருடையதை எடுத்துக்கொண்டு, என்னுடையதை அதே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அப்பாவுக்கு அதை மாட்டி ஆப்பை ஏற்றினால், உரிமையாளர் தன் போனில் அனுமதிக்க வேண்டும் என்று என் போனில் எழுத்து வந்தது. சர்ச்சில் பாட்டு தொடங்கிவிட்டது. அந்நேரம் ரிஜ்வானே, இதை எழுதும் ஏட்டு சிவபிரசாத் ஆகிய தங்களைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். மேசையில் என் ஹெட்செட்டைக் கண்டதுமே ஆள் யாரென்று புரிந்து, அப்பா படுத்திருப்பதும் தெரிந்ததால் நேரே இங்கே வந்தாராம். "உனக்க டப்பாவ எனக்க மேசைல வச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கேட்டார். நான், "அண்ணே, போன்ல அனுமதி கொடும், பொறவு எங்க வேணும்னாலும் வாறேன்" என்றேன்.

அப்பா ஹெட்செட்டுக்குள் கண் மறைந்தபடியே, "ஏலே, ஒண்ணும் தெரியல்லியே, புள்ள வந்தாச்சா?" என்று கேட்டார். ரிஜ்வான் அவரைப் பார்த்தார். அதன் பிறகு போனை எடுத்து அனுமதியை அழுத்தினார்.

"மக்கா, பெமிலா எனக்க முன்னாலல்லா நிக்கியா" என்றார் அப்பா. எனக்குக் கூவ வேண்டும்போல இருந்தது. வார்டு என்பதால் கூவவில்லை. போதகர் கேட்டார். "நான் கொடுக்கியேன்" என்று அப்பா சொன்னதும் சர்ச்சே கைதட்டியது போனில் கேட்டது. அதன் பிறகு மகள் கையைப் பிடிக்க அப்பா கை நீட்டினார். அந்தப் பக்கம் நின்றது ரிஜ்வான். அப்பா அவர் கையை இறுகப் பிடித்து, படத்தில் மாப்பிள்ளை நின்ற திசையில் நீட்டினார். அங்கே நின்றது தாங்கள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கையைத் தாங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

தன்னுடையதுதான் நல்ல ஹெட்செட் என்று பத்துப்பேர் கேட்க நான் சொன்னால் புகாரை வாபஸ் வாங்குவதாக ரிஜ்வான் சொல்கிறார். பத்துப்பேர் எதற்கு, இதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவருடையதுதான் நல்லது.

நான் சொன்னபடியே எழுதியதைப் படிக்கக் கேட்டேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சு. ஜெபிஷ்