வடக்கு ஜன்னலுக்கு ஒரு மனோரஞ்சிதம்

வெயில் படாத இடத்தில் செடி வைப்பதாக இருந்தால் முதலில் செம்பருத்தியை மறந்துவிடுங்கள். அரளியும் வேண்டாம். உயிரோடு இருக்கும், இலை விடும், பூ மட்டும் வராது. நந்தியாவட்டை பரவாயில்லை. ஆனால் நாளாக ஆக அடிப்பகுதி மொட்டையாகிவிடும். குனிந்து பார்த்தால் பின்னால் இருப்பது தெரியும். எங்கள் வீட்டு வடக்குச் சுவருக்கு மனோரஞ்சிதம்தான் சரிப்பட்டது.

அந்தச் சுவரில்தான் அக்காவின் ஜன்னல், தெருவைப் பார்த்தபடி. பக்கவாதம் வந்து அக்கா படுத்துப் பதினோரு வருஷம். நான் துணிக்கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டே அவளைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புண் வராமல் புரட்டிப் போட்டேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவளுக்கு நாக்கு குழறும், சத்தம் எழும்பாது. வலது கை மட்டும் வேலை செய்யும். அந்தக் கையில் எப்போதும் ஒரு ஸ்பூன். யார் போனாலும் ஜன்னல் கண்ணாடியில் தட்டுவாள். தபால்காரர் நிற்பார், எதிர்வீட்டு டீச்சர் நிற்பார். இவள் சிரித்துக் கையாட்டுவாள். உடனே அவர்கள் என்னிடம் வந்து, பாவம், அக்காவுக்குத் தலை வாரிவிடக்கூடாதா என்பார்கள். வாரி அரை மணி நேரம் ஆகியிருக்காது. தெருவில் ஆள் இல்லாதபோது ஸ்பூனைக் கீழே போடுவாள். நான் ஊசியை வைத்துவிட்டுப் போய் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. கோபமெல்லாம் இல்லை, ஐயா. அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

செடியைத் தேர்ந்தெடுத்ததே அக்காதான். நர்சரிக்காரர் கொண்டுவந்த மூன்றில் இதன் தொட்டியைத் தட்டி, "வாசம்" என்றாள். எனக்கும் வாசனைதான் முக்கியமாகப் பட்டது. மனோரஞ்சிதம் பூத்தால் வேறு எந்த வாடையும் மூக்குக்கு எட்டாது.

மெதுவாக வளரும் செடி. நான் அவசரப்படவில்லை. மூன்று வருஷம் எரு வைத்து, தண்ணீர் ஊற்றி, கிளைகளை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டேன். முக்கால்வாசி மூடியதும் அக்கா கேட்டாள்.

"தெரு தெரியலடி. கொஞ்சம் வெட்டேன்."

"வெட்டினா பூக்காதுக்கா."

பொய்தான். வெட்டிவிட்டால் துளிர்த்து இன்னும் நன்றாகப் பூக்கும். செடி வைக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டினாள்.

கண்ணாடி முழுசாக மறைந்தபின், அக்காவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகத் தெருவில் சொன்னேன். தம்பி வெளியூரில் இருக்கிறான், எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனியாவது நீ கொஞ்சம் நிம்மதியா இரும்மா" என்றார். பதினோரு வருஷத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அக்காவின் அறைக்கதவைச் சாத்தினேன். அப்புறம் திறக்கவில்லை. சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஸ்பூன் சத்தம் கேட்டது. இலை அவ்வளவு அடர்த்தி, தெரு வரைக்கும் போகவில்லை.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நிழலில் எப்படிப் பூத்திருக்கிறது பாருங்கள் என்று நர்சரிக்காரரிடம் பெருமையாக வாயை விட்டேன். நன்றாகப் பூக்கிற செடியை அந்தத் தொழில்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், பதியன் போட வந்துவிடுவார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சனிக்கிழமை நான் நூல் வாங்கப் போயிருந்தபோது வந்திருக்கிறார். தாழ்ந்த கிளை ஒன்றை மண்ணில் புதைக்க வளைத்திருக்கிறார். பின்னால் கண்ணாடி இருந்தது. உள்ளே அக்கா இருந்தாள்.

இந்த வாக்குமூலத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். தனியாகக் கிடந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அந்த ஐந்து நாளும் பட்டன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அக்காவை நான் ஒருநாளும் தனியாக விட்டதில்லை.